காற்றிலிருந்து குடிநீர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊரில் நடந்த வீட்டு உபயோகப் பொருள்காட்சியில், காற்றிலிருந்து நாளொன்றுக்கு 30 லிட்டர் குடிநீர் எடுக்கும் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். குழாய் இணைப்பே இல்லை. ஆனால் கண்ணெதிரே தண்ணீர் வந்தது. இது உண்மைதானா? எப்படி வேலை செய்கிறது? – வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்மைதான், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பாட்டிலின் வெளிப்புறத்தில் சில நிமிடங்களில் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது அல்லவா? அது பாட்டிலுக்குள் இருந்து கசிந்த நீரன்று, சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி. காற்றின் வெப்பநிலை குறையக் குறைய, அதில் இருக்கக்கூடிய நீராவியின் அளவும் குறைகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிக அளவாக 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் அது 17 கிராமாகவும், 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேலாகவும் இறங்கிவிடும். குளிரும் காற்று எந்த வெப்பநிலையில் இனித் தாங்க முடியாது என்ற எல்லையைத் தொடுகிறதோ அதைப் பனிநிலை என்கிறோம். அதற்குக் கீழே குளிர்வித்தால் மிகுதி நீராவி நீராகப் பிரிந்தே ஆக வேண்டும்.

தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு வேளையை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். அதை 12 டிகிரி வரை குளிர்வித்தால் சுமார் 13 கிராம் நீர் பிரியும். எனவே ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 75 கன மீட்டர் காற்று இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட அறைகள் மூன்றில் உள்ள காற்றுக்குச் சற்றுக் குறைவான அளவு அது. உள்ளே போகும் காற்று முழுவதும் அங்கே குளிர்ந்திருக்கும் உலோகக் குழாய்ச் சுருளை, அதாவது காயிலை, தொட்டுச் செல்வதில்லை என்பதால், நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். நீங்கள் பார்த்த இயந்திரத்தின் விசிறி ஓயாமல் இரைந்துகொண்டிருந்திருக்குமே, காரணம் இதுதான்.

உள்ளே இருப்பவை உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் அதே நான்கு உறுப்புகள். கம்ப்ரசர் குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. கண்டென்சர் அந்தச் சூட்டை வெளியேற்றி வாயுவைத் திரவமாக்குகிறது. நுண்குழாயோ விரிவு வால்வோ அந்தத் திரவத்தின் அழுத்தத்தைச் சட்டென்று குறைக்கிறது. அழுத்தம் குறைந்த திரவம் எவாப்பரேட்டர் காயிலுக்குள் ஆவியாகும்போது காயில் குளிர்ந்துபோகிறது. தூசி வடிகட்டியைத் தாண்டி வரும் காற்று அந்தக் குளிர்ந்த காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே நுழைய, தகடுகளில் படியும் நீர் கீழே உள்ள தட்டில் சொட்டுகிறது. பிறகு கார்பன் வடிகட்டி, புற ஊதா விளக்கு, தாதுப் பொதி ஆகியவற்றைக் கடந்து குழாய்க்கு வருகிறது.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஏ.சி. பிறந்ததே காற்றிலிருந்து ஈரத்தை நீக்குவதற்காகத்தான். 1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரப்பதத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த ஏற்பாடே இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி. அன்று வேண்டாம் என்று வடித்துக் கொட்டிய நீரைத்தான் இன்று குடிக்க எடுக்கிறோம்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு இந்த இயந்திரத்தை வாங்கினால் கட்டுப்படியாகுமா? – வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: காற்று இலவசம் என்று விளம்பரங்கள் சொல்லும். மின்சாரம் இலவசமில்லை என்பதை அவை அடிக்குரலில்கூடச் சொல்வதில்லை. நீராவியிலிருந்து ஒரு லிட்டர் நீர் கிடைக்க வேண்டுமானால் அந்த நீராவியிலிருந்து ஏறக்குறைய 2,450 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். இதை யூனிட் கணக்கில் சொன்னால் 0.68 யூனிட். எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் இந்த வெப்பத்தில் ஒரு துளியும் குறைக்க முடியாது. இது நீரின் இயல்பு. நல்ல கம்ப்ரசர் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை இடம் மாற்றும் என்பது நமக்குச் சாதகம். நீராவியோடு சேர்ந்து காற்றையும் குளிர்விக்க வேண்டியிருப்பதும், விசிறி ஓடுவதும் பாதகம். கூட்டிக் கழித்தால், சென்னையின் ஈரமான நாள்களில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.4 யூனிட் என்று கொள்வது நியாயமான மதிப்பீடு.

அப்படியானால் ஒரு கேனுக்குரிய 20 லிட்டருக்கு 8 யூனிட் ஆகும். நீங்கள் இருக்கும் கட்டண அடுக்கில் யூனிட் 8 ரூபாய் என்றால் மின்சாரத்துக்கு மட்டும் 64 ரூபாய். வடிகட்டி மாற்றும் செலவும் இயந்திரத்தின் விலையும் தனி. 30 முதல் 50 ரூபாய்க்குக் கேன் கிடைக்கும் இடத்தில் இது கட்டுப்படியாகாது. அத்துடன், தினமும் 8 யூனிட் என்றால் இரண்டு மாதக் கணக்கீட்டில் 480 யூனிட் கூடுகிறது. நீங்கள் அடுத்த கட்டண அடுக்குக்குத் தள்ளப்படுவீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் சீசாத் தண்ணீரை லிட்டர் 20 ரூபாய்க்கு வாங்கிக் குடிக்கும் இடங்களில், அதாவது ரயில் நிலையம், விமான நிலையம், அலுவலக வளாகம் போன்றவற்றில், கணக்கு தலைகீழாகிவிடும். 2019 டிசம்பரில் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் ‘மேக்தூத்’ என்ற பெயரில் நாளுக்கு 1,000 லிட்டர் திறன்கொண்ட இத்தகைய இயந்திரம் வைக்கப்பட்டதும் அதனால்தான். பின்னர் மும்பையின் சில நிலையங்களுக்கும் அது வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் தொடங்கிய வாயுஜல் நிறுவனமும் இதே துறையில் இயங்குகிறது.

ஒரு நகரத்தின் தாகத்துக்கு இது விடையாகுமா என்று கேட்டால், ஆகாது என்றே உறுதியாகச் சொல்வேன். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நடப்பதுபோல் கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்திக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 அல்லது 4 யூனிட் போதும். அதே 1,000 லிட்டரைக் காற்றிலிருந்து எடுக்க 400 யூனிட் வேண்டும். நூறு மடங்கு வேறுபாடு இது. 2018ஆம் ஆண்டு எக்ஸ்பிரைஸ் அமைப்பு, புதுப்பிக்கத்தக்க ஆற்றலை மட்டும் கொண்டு நாளுக்கு 2,000 லிட்டரை, லிட்டர் 2 அமெரிக்க சென்ட்டுக்கு மிகாமல் காற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று நடத்திய போட்டியில் 15 லட்சம் டாலர் பரிசளித்தது. பரிசு பெற்ற குழு மரத்துண்டு போன்ற தாவரக் கழிவை எரிவாயுவாக்கி, அதிலிருந்து மின்சாரத்தோடு சூடான ஈரக் காற்றையும் சேர்த்துப் பெற்று அந்த இலக்கை அடைந்தது. வெறும் காற்றை மட்டும் நம்பி அந்த விலைக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி: எங்கள் பகுதியில் கோடையில் கிணறும் வற்றிவிடும், காற்றும் வறண்டுவிடும். இங்கே இந்த இயந்திரம் பயன்படுமா? சூரிய மின்தகட்டில் ஓட்டலாமா? – வாசகர், தருமபுரி

பதில்: இந்தத் தொழில்நுட்பத்தின் பெருங்குறை இதுதான்: தண்ணீர் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகத் தரும். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ‘30 லிட்டர்’ என்ற எண் பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்ற சாதகமான நிலையில் எடுத்த அளவு. 38 டிகிரி, 25 சதவீத ஈரப்பதம் கொண்ட ஒரு வறண்ட பிற்பகலில் ஒரு கன மீட்டர் காற்றில் 11 கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவி இருக்கும். அதன் பனிநிலை 15 டிகிரிக்கும் கீழே. எனவே 38 டிகிரியிலிருந்து அங்கே இறங்கும் வரை இயந்திரம் செலவிடும் மின்சாரம் அத்தனையும் காற்றை வெறுமனே குளிர்விப்பதில் போகும். ஒரு சொட்டும் விழாது. 5 டிகிரி வரை இறக்கினாலும் கிடைப்பது கன மீட்டருக்கு 5 கிராம் சொச்சம். கடலோரத்தில் நாம் நீக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் நீராவியிலிருந்து வருகிறது. உங்கள் ஊர்ப் பிற்பகலிலோ நான்கில் மூன்று பங்கு வெறும் காற்றுக்கே போய்விடுகிறது. லிட்டருக்கான மின்செலவு ஒரு யூனிட்டைத் தொட்டுவிடும். இன்னும் வறண்ட காற்றில் காயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோக நேர்ந்தால், தகடுகளில் பனிக்கட்டி படிந்து காற்றோட்டமே அடைபடும். வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டே உள்ளே வரும் சூடான காற்றை முதலில் குளிர்வித்து, வீணாகும் குளிர்ச்சியில் ஒரு பகுதியை மீட்கும் இயந்திரங்கள் உண்டு. வாங்கியே தீர வேண்டும் என்றால் அத்தகையதைத் தேடுங்கள்.

சூரிய மின்தகட்டில் ஓட்டலாம். ஒரு கிலோவாட் தகடு நம் மாநிலத்தில் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். கடலோரம் என்றால் 10 லிட்டர், உங்கள் ஊர்க் கோடையில் 4 லிட்டர் எதிர்பார்க்கலாம். இதில் ஒரு முரண் இருக்கிறது. காற்று குளிர்ந்து பனிநிலையை நெருங்கியிருக்கும் பின்னிரவுதான் இயந்திரத்துக்கு உகந்த நேரம். வெயிலோ நண்பகலில் இருக்கிறது. இடையில் பேட்டரி வைத்தால் விலை ஏறும்.

வறண்ட நிலத்துக்குக் குளிர்பதனத்தைவிட வேறொரு வழிதான் நம்பிக்கை தருகிறது. இரவில் நீராவியை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் அதை விட்டுக்கொடுக்கும் நுண்துளைப் பொருள்களே அந்த வழி. உலோகக் கரிமக் கட்டமைப்புகள் எனப்படும் அத்தகைய பொருள்களை உருவாக்கியதற்காக 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைச் சுசுமு கிட்டகாவா, ரிச்சர்டு ராப்சன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்ட ஓமர் யாகியின் குழு, அமெரிக்காவின் அரிசோனா பாலைவனக் காற்றிலிருந்தே நீர் எடுத்துக் காட்டியிருக்கிறது.

கேள்வி: வீட்டு ஏ.சி.யிலிருந்து வடியும் நீரும் இதே முறையில் வருவதுதானே? அதைக் குடிக்கலாமா? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வரும் முறை ஒன்றே, ஆனால் குடிக்கக் கூடாது. கடலோரத்தில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு இரண்டு லிட்டர் வரைகூட வடிக்கும், பார்ப்பதற்கும் பளிங்குபோல இருக்கும். சர்வீஸ் செய்ய வரும் மெக்கானிக் முன்மூடியைக் கழற்றும்போது ஒருமுறை அருகே நின்று பாருங்கள். தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருக்கும். வடிகால் தட்டில் விரல் வைத்தால் வழவழப்பான பாசி போன்ற படலம் ஒட்டும். அந்தப் படலம் முழுவதும் கிருமிகள். செம்பும் அலுமினியமும் சிறு அளவில் நீரில் சேரலாம். குடிநீர் இயந்திரத்தில் காயிலுக்கு உணவுத்தரப் பூச்சு, காற்று வடிகட்டி, புற ஊதா விளக்கு, தேங்காமல் நீரைச் சுழற்றும் ஏற்பாடு ஆகியவை இருப்பது இதற்காகத்தான். பேட்டரிக்கும் ஊற்ற வேண்டாம்; உப்பு இல்லை என்பது சரியே, ஆனால் தூசியும் உலோகத் துகளும் பேட்டரிக்கு ஆகாதவை. தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, செடிக்கு விட, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: காற்றிலிருந்து எடுத்த நீரில் சத்தே இல்லை என்கிறார்களே? – வாசகி, மதுரை

பதில்: ஆவியிலிருந்து வந்த நீரில் கரைந்த உப்புகள் அநேகமாக இருக்காது; டி.டி.எஸ். மிகக் குறைவாகவே காட்டும். சற்று அமிலத்தன்மையும் சப்பென்ற சுவையும் இருக்கும். அதனால்தான் கால்சியமும் மக்னீசியமும் சேர்க்கும் பொதி வைக்கப்படுகிறது. நமக்குத் தாதுக்களில் பெரும்பகுதி உணவிலிருந்தே கிடைக்கிறது என்பதால் இதை எண்ணிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. நான் அதிகம் கவலைப்படுவது காற்றின் தூய்மையைப் பற்றி. அமோனியா, ஃபார்மால்டிஹைடு போன்றவை நீரில் எளிதில் கரையும். தொழிற்சாலைப் புகையும் நெடுஞ்சாலைப் புகையும் சூழ்ந்த இடத்தில் இயந்திரம் வைத்திருப்பவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 அளவுகோல்படி நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: எல்லோரும் காற்றிலிருந்து நீரை எடுத்தால் மழை குறைந்துவிடாதா? – மாணவர், திருச்சி

பதில்: குறையாது. வளிமண்டலத்தில் எந்நேரமும் ஏறக்குறைய 13,000 கன கிலோமீட்டர் நீர் ஆவியாக இருக்கிறது; ஒன்பது பத்து நாள்களுக்கு ஒருமுறை அது மழையாகப் பொழிந்து, கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் மறுபடி நிரம்புகிறது. நாம் குடிக்கும் நீரும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் ஊரில் நிலத்தடி நீர் உப்பு. கடல் அருகில் இருப்பதால் காற்றில் ஈரம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு இந்த இயந்திரம் ஒன்றை நன்கொடையாக வாங்கித் தர நினைக்கிறோம். சரியாக இருக்குமா? – முன்னாள் மாணவர்கள், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: உங்கள் எண்ணத்தை மனமாரப் பாராட்டுகிறேன். அதனால்தான் பணம் கொடுப்பதற்கு முன் பள்ளியின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைச் சேமித்தாலும் 64,000 லிட்டர் கிடைக்கும். அதே அளவைக் காற்றிலிருந்து எடுக்க 25,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஊருணிகளை வெட்டி மழைநீரைக் குடிநீராகக் காத்துவந்த மாவட்டம் உங்களுடையது. மூடிய தொட்டியும் மணல் வடிகட்டியும் கட்ட உள்ளூர்க் கொத்தனாரே போதும். அதற்கு அடுத்தது, உவர்நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அமைப்பு. கடல்நீரைவிட உப்பு குறைவு என்பதால் மின்செலவும் குறைவு. கழிவு உவர்நீரை எங்கே விடுவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டும் போதாமல் கோடையின் கடைசி மாதங்களுக்காகக் காற்று நீர் இயந்திரத்தையே நாடினால், விற்பவரிடம் 27 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் எத்தனை லிட்டர், எத்தனை யூனிட் என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி வளாகத்திலேயே ஒரு முழுநாள், தனி மின்மீட்டர் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில் வையுங்கள். மூடிய அறையில் வைத்தால் சில மணி நேரத்தில் அறையின் ஈரம் தீர்ந்து, கண்டென்சர் கக்கும் சூடு மட்டும் மிஞ்சும். உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பதால் அரிமானத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்றும், வடிகட்டி மாற்றவும் கேஸ் நிரப்பவும் ராமநாதபுரத்துக்கே ஆள் வருவார்களா அல்லது மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் மின்கட்டணத்தையும் நன்கொடையிலேயே சேர்த்துக் கொடுங்கள். அந்தச் செலவைத் தலைமையாசிரியரின் தலையில் கட்ட வேண்டாம்.