ஜெபித்தும் கடன் தீரவில்லை, சபைக்குப் போகவே வெட்கமாக இருக்கிறது. ஆண்டவரை எப்படித் தொடர்ந்து நம்புவது?

சபைக்குப் போக வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் ஜெபித்து ஜெபித்துக் களைத்துப் போனவராகத்தான் இருப்பீர்கள். நானும் அப்படி இருந்தவன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். சொந்தமாக அரை ஏக்கர் ரப்பர், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த நிலத்தில் 400 மூடு ஏத்தன் வாழை. உரத்துக்கும் முட்டுக் கம்புக்கும் மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருந்தேன். குலை வெட்ட ஒரு மாதம் இருக்கும்போது, 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல் அடித்தது.

காற்று ஓய்ந்து போய்ப் பார்த்தால் வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. ரப்பரில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. முறிந்த இடத்திலிருந்து பால் வடிந்து சேற்றில் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. சாய்ந்து கிடந்த மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை மட்டும் கட்டு அவிழாமல் இருந்தது. அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுத் துக்கத்தோடு இதை ஒப்பிடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரம் போனால் திரும்ப நடலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று வேதத்தில் ஆபகூக் தீர்க்கதரிசி சொல்கிற வசனம் சின்ன வயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். அன்று ஆராதனையில் அது நினைவுக்கு வந்தபோது ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. பாட்டுக்கு எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. வெளியே வரும்போது ஒருவர், வீட்டில் ஏதாவது மறைவான பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள் என்றார். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவிடம் அவருடைய நண்பர்களும் அதைத்தானே சொன்னார்கள்? அவர்கள் பேசியது சரியில்லை என்று கடைசியில் கர்த்தரே சொல்கிறார். உங்களிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அதை மனதில் வைக்காதீர்கள்.

நிவாரணத்திலும் அடிதான். நிலம் என் பெயரில் இல்லாததால் வாழைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. பட்டா யார் பெயரில் என்றுதான் கேட்டார்கள், பயிர் யாருடையது என்று கேட்கவே இல்லை. பாட்டத்துக்குப் பயிர் செய்கிறவன் வெயிலில் நிற்பது யார் கணக்கிலும் வருவதில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரண்டு இல்லாமல் மெழுகுவர்த்தி வைத்துக் குடும்ப ஜெபம் செய்த நாட்கள் அவை. வீட்டில் தினமும் வாழைக்காய்த் துவரன்தான். ஒரு ராத்திரி நான் இத்தனை கடன், இத்தனை வட்டி என்று ஆண்டவரிடம் கணக்கு ஒப்பித்துக்கொண்டே போனேன். அம்மா நடுவில் என் கையைப் பிடித்து, "மக்களே, இண்ணைக்கு உள்ளதக் கேளு. நாளைக்கு உள்ளத நாளைக்குக் கேக்கலாம்" என்றார்கள். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே வேண்டிய ஆகாரத்தை 'இன்று' தாரும் என்றுதான் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் தினமும் கொடுத்த மன்னா என்ற ஆகாரம், மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தபோது புழு பிடித்துப் போனதையும் நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்தவர்கள்தானே. நான் ஐந்து வருஷக் கடனை ஒரே ராத்திரியில் சுமக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குப் பால் வெட்டப் போனேன். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கும்போது, அன்றைய கூலிக்கும் அன்றைய மருந்துக்கும் மட்டும் ஜெபித்தேன். வட்டிக்குத் தவணை கேட்டுக் கடன்காரர் வீட்டு வாசலில் நின்றதும் அந்த ஜெபத்தில் சேர்த்திதான். சும்மா இருந்தால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நான் சொல்லவில்லை. ஜெபம் வேண்டாம், வேலை போதும் என்றும் சொல்லவில்லை. சங்கிலியை மீட்க 2020 ஆகிவிட்டது. 2018 மழையில் நட்ட ரப்பரில் ஏழு வருஷம் கழித்துத்தான் கத்தி வைக்க முடிந்தது. முதல் வெட்டு அன்று அம்மா இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போங்கள். வெட்கமாக இருந்தால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். நான் ஐந்தாறு மாதம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், பாடாமல். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மட்டும் என் பக்கமாகத் திருப்பிப் பிடிப்பார்.