கீம் கணக்குக்கு கோயமுத்தூர் கிராஷ் கோர்ஸ் வேணுமா?

பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்காரு: பொண்ணு பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப ப்ளஸ் டூ, கீம்ல (கேரளா இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ்) கணக்குதான் பயம், கோயமுத்தூர்ல கிராஷ் கோர்ஸ் சேத்துனா தேறிருவாளான்னு.

பயம் நியாயந்தாங்க. 150 கேள்வில 75 கணக்கு, நேரம் மூணு மணி, அப்ப ஒரு கேள்விக்கு 72 செகண்டுதான். ஆனா 75-ஐயும் போட்டே ஆகணும்னு இல்ல. சரியா போட்டா 4, தப்பானா 1 கழியும், ஆப்ஷன் அஞ்சு, கண்ண மூடிட்டு குத்துனா சராசரில லாபமும் இல்ல நட்டமும் இல்ல, ரெண்டு ஆப்ஷன அடிச்சுட்டு மிச்ச மூணுல ஒண்ண குத்துனா லாபந்தான். எப்படி அடிக்கறது? ஒரு தொடர்ல n உறுப்புக்கு கூட்டுத்தொகை கேட்டா ஆப்ஷன்ல n-க்கு 1 போடச் சொல்லுங்க, மொத உறுப்பே வரணும், வராதத அடிச்சுட்டு மிச்சத்துக்கு 2 போட்டு பாக்கட்டும். இந்தப் பழக்கத்துக்கு பழைய கொஸ்டின் பேப்பரும் கடிகாரமும் போதும். அப்பறம் ப்ளஸ் ஒன் புக்க எடுத்து பரண்ல போட்டுறாதீங்க, திரிகோணமிதி, நேர்கோடு, கூம்பு வெட்டு எல்லாம் அதுல இருந்துதான் வரும்.

கோர்ஸ விட எனக்கு பயம் ஏஜென்டுகதான். "ரேங்க் கேரண்டி, மெரிட் சீட்டும் வாங்கித் தர்றோம், அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க"ன்னு வீட்டுக்கே வருவாங்க. மெரிட் சீட்ட என்ட்ரன்ஸ் கமிஷனர் ஆன்லைன்ல அலாட் பண்றாரு, எந்த ஏஜென்டுக்கும் அதுல கை கிடையாது. ஒத்த ரூபா குடுக்காதீங்க. கேரள அரசாங்கத்தோட கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் கைட் (KITE), 'கீ டு என்ட்ரன்ஸ்'னு பயிற்சிய ஓசிலயே நடத்துது, மொத அத பாருங்க.

ஒண்ணே ஒண்ணு, பொண்ணு ஜேஇஇ மெயினும் (நாடு முழுக்க நடக்கற இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ்) எழுதறதா இருந்தா கவனமா இருங்க, அதுல தமிழ்ல கேள்வி உண்டு, ஆனா பாலக்காட்டுல சென்டர் போட்டா கெடைக்காது, கேரள சென்டர்ல இங்கிலீஷ், இந்தி, உருது, மலையாளம் மட்டுந்தான், தமிழ் வேணும்னா தமிழ்நாட்டு சென்டர், உங்களுக்கு கோயமுத்தூர் பக்கம், அதையும் அப்ளிகேஷன் போடறப்பவே மொழி, சென்டர் ரெண்டையும் சேத்து பாத்து போடணும். பாலக்காட்டுல தமிழ் மீடியம் ஸ்கூல் நடக்குது, அதுல படிச்ச புள்ளைக்கு அதே ஊர்ல தமிழ்ல ஒரு கேள்வித்தாள் குடுக்க முடியலைன்னா என்ன ஏற்பாடுங்க இது! கீம்ல அந்த வழியும் இல்ல, முழுக்க இங்கிலீஷ்தான். அதனால இன்னைக்கே ஒரு நோட்டு போட்டு சார்பு, வகையீடு, தொகையீடுன்னு தமிழ்ல தெரிஞ்ச ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இங்கிலீஷ் பேர எழுதச் சொல்லுங்க, பாதி பயம் அந்தப் பேர்லதான் இருக்கும்.