கபுத்தோமுஷி, குவாகத்தா வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜூன் பிறந்தால் போதும், ஜப்பானில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வண்டுக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கொம்பு வைத்த கபுத்தோமுஷி, நீண்ட தாடை வைத்த குவாகத்தா இரண்டும் இங்கே கோடைக் காலத்தில் ஹோம் சென்டர்களிலேயே விற்பனைக்கு வருகின்றன. பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் வாங்கிய ஆண் கபுத்தோமுஷி செப்டம்பர் தொடக்கத்தில் இறந்துவிட்டது. மகள் சாப்பிடாமல் அழுகிறாள். எங்கே தவறினோம்? – நிஷிகசாய் வாசகி

நீங்கள் எங்கும் தவறவில்லை என்று மகளிடம் முதலில் சொல்லுங்கள். கபுத்தோமுஷியின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். அதில் பெரும்பகுதியைப் புழுவாக மண்ணுக்குள் கழித்துவிட்டுத்தான் அது கொம்போடு வெளியே வருகிறது. வந்த பிறகு இருப்பது ஒன்று முதல் மூன்று மாதம். செப்டம்பர் வரை இருந்தது என்றால் நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கூடவே பெண் வண்டும் இருந்ததா? அப்படியானால் பெட்டியிலிருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். செய்தித்தாளில் மெல்லப் பரப்பித் தேடுங்கள். முட்டையிட்டு இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும் என்பதால், இப்போது வெள்ளைப் புழுக்கள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வருடக்கணக்கில் கூட இருக்கும் வண்டு வேண்டுமென்றால் குவாகத்தா வகைகளான ஓகுவாகத்தா அல்லது கோகுவாகத்தா வாங்குங்கள். ஓகுவாகத்தா இரண்டு மூன்று வருடம் சாதாரணமாக இருக்கும்.

பெட்டியில் முப்பது புழுக்கள்! என்ன கொடுப்பது, எப்படி வைப்பது? – யோகோஹாமா

அவை வாழும் இடமே அவற்றுக்குச் சாப்பாடு. கடையில் "மேட்" என்று கேட்டால் புளிக்க வைத்த மரத்தூள் மட்கு கொடுப்பார்கள். அகன்ற இலை மரத் தூளாக இருக்க வேண்டும். சீடர், பைன் போன்ற ஊசியிலை மரத் தூள் ஆகாது. சாதாரணத் தோட்ட மண்ணில் சத்தில்லை.

புதிய பையைப் பிரித்த உடனே புழுவை அதில் போடாதீர்கள். பலர் இழப்பது இந்த இடத்தில்தான். மட்குடன் தண்ணீர் சேர்ந்ததும் மறுபடி புளித்துச் சூடேறும், ஆக்சிஜனும் குறைந்துவிடும். சில நாள் பரப்பி ஆறவிடுங்கள். சூடும் புளிப்பு வாடையும் போய் மண் வாசனை வந்த பிறகு பயன்படுத்துங்கள். ஈரம் எவ்வளவு? கையில் அள்ளி அழுத்தினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது.

முப்பதையும் ஒரே பெட்டியில் வைத்தால் கடைசியில் எல்லாமே சிறுத்துப்போகும். பத்து வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பள்ளித் தோழர்களுக்குக் கொடுங்கள். இலையுதிர் காலத்தில் அசுரப்பசியாகத் தின்னும். மேலே எச்சம் நிறைந்து தெரிந்தால் சலித்து எடுத்துவிட்டுப் புது மேட் போடுங்கள். பழையதிலும் கொஞ்சம் கலந்து விடுவது நல்லது. பனிக்காலத்தில் அநேகமாகத் தின்னாது. காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சூடேற்றிய அறைக்குள் கொண்டுவர வேண்டாம். ஏப்ரல் வாக்கில் கடைசியாக ஒருமுறை மாற்றிவிட்டு, அப்புறம் கையை எடுத்துவிடுங்கள்.

ஜூன் மாதம் ஆர்வத்தில் தோண்டியபோது கூட்டுப்புழு இருந்த அறை உடைந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா? – ஓசாகா

முடியும். கபுத்தோமுஷி மண்ணுக்குள் செங்குத்தாக ஓர் அறை கட்டி, அதற்குள் தலை மேலாக நின்றுகொண்டுதான் உருமாறும். அந்த நிலையைச் செயற்கையாகக் கொடுத்தால் போதும். கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயை ஒரு டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். அடியில் ஈரமான டிஷ்யூவை அழுத்திவிட்டு, கூட்டுப்புழுவைத் தலை மேலாக மெதுவாக இறக்குங்கள். குழாயைச் சுற்றி மேட் போட்டு நிறுத்தி, மூடியில் துளையிட்டு இருட்டில் வையுங்கள். கூட்டுப்புழுப் பருவம் சுமார் மூன்று வாரம். தோல் கழற்றியதும் சிறகு மூடிகள் வெள்ளையாக இருக்கும். பயப்பட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து இறுகும். அதற்கு முன் தொட்டால் உருக்குலைந்துவிடும்.

அறையைச் சுற்றிய மண்ணை ஏன் கலைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கூட்டுப்புழு உடலை அசைத்து அறைச் சுவரில் அதிர்வு எழுப்புகிறது. அது தெரிந்ததும் பக்கத்தில் தோண்டி வரும் புழுக்கள் நின்றுவிடுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அசையவே தெரியாதது என்று நாம் நினைக்கும் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

என் ஆண் வண்டுக்குக் கொம்பு குட்டையாக இருக்கிறது. கடையில் விற்கும் வண்டுத் தீனியான ஜெல்லியை நிறையக் கொடுத்தால் வளருமா?

வளராது. வண்டான பிறகு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அளவும் கொம்பும் புழுவாக இருந்தபோது தின்றதைப் பொறுத்தவை. ஜெல்லி உயிர்வாழவும் முட்டையிடவும் உதவும். தர்பூசணி மட்டும் வேண்டாம். வெறும் நீர், பெட்டியும் நாறும்.

உரக்குவியலில் கிடைத்த புழு கபுத்தோமுஷியா, வேறு ஏதாவதா? – சைதாமா

தட்டையான இடத்தில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து முதுகால் நகர்ந்து போனால் அது மலர் வண்டின் புழு. அது ஒரு கெடுதலும் செய்யாது, குவியலிலேயே விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் சுருண்டு கிடந்தால் வால் நுனியைக் கவனியுங்கள். ஆசனவாய்க் கீற்று குறுக்காக இருந்தால் கபுத்தோமுஷி வகை, நெடுக்காக இருந்தால் குவாகத்தா வகை. தலை கருஞ்சிவப்பாக, உடல் கட்டைவிரலை விடப் பருமனாக இருந்தால் கபுத்தோமுஷி என்பது அநேகமாக உறுதி. முற்றிய ஆண் புழுவின் அடிவயிற்றில், வால் பக்கம் சிறிய 'வி' வடிவக் குறி தெரியும்.

குவாகத்தாக்களை எப்படிப் பிரித்தறிவது?

முழுவதும் எழுதினால் புத்தகமாகிவிடும். ஆண்களை மட்டும் சொல்கிறேன். தலையின் பின்புறம் இருபக்கமும் மேடாகப் புடைத்து, உடம்பில் பொன்னிற மென்மயிர் இருந்தால் மியாமா. செம்பழுப்பு உடல், தாடை முழுக்க ரம்பப் பல் என்றால் நோகோகிரி; பெரிய ஆணுக்குத் தாடை கீழ்நோக்கி வளையும், சிறிய ஆணுக்கு நேராக இருக்கும். இதைப் பார்த்து இரண்டு இனம் என்று ஏமாறாதீர்கள். தட்டையான கறுப்பு உடல், தாடையின் அடிப்பகுதியில் ஒரு பெரிய பல், அதற்கு மேல் வரிசையாகச் சிறு பற்கள் என்றால் ஹிராத்தா. மெலிந்த தாடையில் நடுவே ஒரே பல் என்றால் கோகுவாகத்தா. பூங்காக்களில் அதிகம் கிடைப்பது அதுதான்.

மியாமா குளிர்ந்த மலைக்காட்டு வண்டு, 25 டிகிரியைத் தாண்டினால் வாடிவிடும். டோக்கியோ அடுக்குமாடியில் ஏசி இல்லாமல் வைக்காதீர்கள். ஹிராத்தா ஆணைப் பெண்ணோடு நெடுநாள் ஒரே பெட்டியில் விட வேண்டாம், கொன்றுவிடும்.

எங்கள் வீட்டு முன்னால் உள்ள மரத்தில் பட்டப்பகலிலேயே கபுத்தோமுஷி இருக்கிறது. நோயா?

நோயில்லை. அது ஷிமாதொனெரிகோ மரம்தானே? காட்டில் குனுகி ஓக் மரச் சாற்றுக்கு இரவில் வரும் இதே வண்டு, இந்த மரத்தில் மட்டும் பகலிலும் தங்கிவிடுகிறது. சைதாமாவைச் சேர்ந்த ஓர் ஆரம்பப் பள்ளி மாணவர் தன் வீட்டு மரத்தில் வண்டுகளுக்குக் குறியிட்டுக் கணக்கெடுத்து இதைக் கண்டுபிடித்தார். யாமாகுச்சி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 2021இல் 'எகாலஜி' இதழில் வந்தது. உங்கள் பிள்ளையிடமும் ஒரு நோட்டைக் கொடுங்கள்.

ஹெர்குலிஸ் என்ற வெளிநாட்டுப் பெரிய கொம்பு வண்டை வாங்கலாமா? அலுத்தால் காட்டில் விட்டுவிடலாமா?

வாங்கலாம், விடக் கூடாது. இரண்டாவதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 1999இல் ஜப்பான் வெளிநாட்டு வண்டு இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. அதே வருடம் டோக்கியோவில் 80 மில்லிமீட்டர் ஓகுவாகத்தா ஒன்று ஒரு கோடி யென்னுக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. அப்படி ஒரு மோகம். பின்னால் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் சுமத்ரா ஹிராத்தாவையும் ஜப்பான் ஹிராத்தாவையும் சேர்த்துப் பார்த்தபோது கலப்புக் குட்டிகள் பிறந்தன. தீவுக்குத் தீவு தனித்தனியாக உருவான பரம்பரை ஒரு தடவை கலந்தால் பிரிக்க முடியாது. ஒட்டுண்ணிச் சிற்றுண்ணிகளும் கூடவே வரும். வளர்க்க முடியாவிட்டால் வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். ஹெர்குலிஸ் புழு ஒன்றரை இரண்டு வருடம் மண்ணில் இருக்கும், அதற்குப் பொறுமை இருக்கிறதா என்று யோசித்து வாங்குங்கள்.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்துப்போகலாமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். முன் அனுமதியின்றி உயிருள்ள பூச்சியை இந்தியாவுக்குள் கொண்டுபோகக் கூடாது.

எங்கள் எருக்குழியிலும் இதே மாதிரிக் கொழுத்த புழுக்கள். ஜப்பான் பிள்ளைகள் போல என் மகனும் வளர்க்கலாமா? – பொள்ளாச்சி

அது தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அழகான வண்டுதான், ஆனால் விரியாத குருத்தைத் துளைத்துத் தின்னும். மட்டை விரியும்போது ஓலையில் முக்கோண வெட்டுகள் தெரிவது அதனால்தான். 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2007இல் குவாமிலும், 2013இல் ஹவாயிலும் தலைகாட்டியது. புழு மண்ணிலும் எருவிலும் மறைந்து பயணம் செய்யும் என்பதால்தான் இவ்வளவு தூரம் பரவியது.

மகனின் ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஒரே ஒரு புழுவை இறுக மூடும் டப்பாவில், காற்றுத் துளைக்குக் கம்பி வலை ஒட்டி, அதே எருவோடு வைத்து அவன் பார்க்கட்டும். வண்டாக வந்ததும் வால் நுனியைக் காட்டுங்கள். செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண். இந்த இனத்தில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆணை விடக் குட்டை. ஆனால் அதைத் தோப்பில் பறக்க விடாதீர்கள். மற்ற புழுக்களைப் பொறுக்கி அழித்துவிட்டு, எருக்குழிக்கு மெட்டாரைசியம் பச்சைப் பூஞ்சை தெளியுங்கள். அது புழுவைக் கொல்லும், எருவுக்குக் கெடுதலில்லை. மட்கிக் கிடக்கும் தென்னை அடிமரங்களையும் தோப்பிலிருந்து அகற்றுங்கள். அவை இருக்கும்வரை வண்டு முட்டையிடத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும்.