குளத்தடிக் கேள்விகள்: வலை இழுப்பதற்கு 14 நாள் முன்பே

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சத்துப் பொடி, டானிக், புரோபயாட்டிக் (நல்லது செய்யும் நுண்ணுயிர்க் கலவை) பற்றியவை. நான் திருவாரூர் மாவட்டத்தில் 22 ஆண்டுகளாகக் கெண்டைக் குஞ்சு வளர்த்து விற்கிறேன். கையால் கலந்து, கண்ணால் பார்த்ததை வைத்தே பதில் எழுதுகிறேன்.

*ஒரத்தநாடு பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் குளம். கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டால் 5, 6 நாளில் உடம்பில் வெள்ளைப் பஞ்சு படிந்து சாகின்றன. இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது. இரண்டாவது முறை குஞ்சு விடும்போதே ஒரு லிட்டர் டானிக் ஊற்றினேன். வேறு எந்த மருந்து நல்லது அம்மா?*

தம்பி, 5, 6 நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. குஞ்சுக்கு அடி விழுந்தது வலையிலும் வண்டியிலும். அது வெளியே தெரிவதற்கு அத்தனை நாள் ஆகிறது.

வலையில் நெருக்குப்பட்ட மீனின் உடலில் சில நிமிடங்களுக்குள் கார்ட்டிசோல் என்ற சுரப்பு ஏறுகிறது. சேர்த்துவைத்த சத்தை எடுத்துச் செலவழித்துத் தப்பிக்க உதவுவது அதுவே. ஆனால் நெருக்கடி மணிக்கணக்கில் நீண்டால், அதே சுரப்பு மீனின் நோய் எதிர்ப்பை அமுக்கிவிடும். வலையில் உரசி, மேலிருக்கும் வழுவழுப்பும் செதிலும் போன இடத்தில் நீரில் எப்போதும் இருக்கிற பூஞ்சை வந்து உட்காரும். நீங்கள் பார்த்த பஞ்சு அதுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. நன்னீர் மீனின் இரத்தம் குளத்து நீரைவிட உப்புக் கூடியது. அதனால் செவுள் வழியாக நீர் எந்நேரமும் உள்ளே கசியும், உப்பு வெளியே போகும். மீன் ஓயாமல் அதைச் சரிசெய்துகொண்டேதான் உயிர் வாழ்கிறது. மிரண்ட மீனுக்கு இந்தக் கசிவு பல மடங்காகிறது. உப்பை இழந்து சோர்ந்த குஞ்சைத்தான் உங்கள் குளத்தில் இறக்கியிருக்கிறார்கள்.

2013 ஆடி மாதத்தை நான் மறக்கவே மாட்டேன். 8,000 ரோகு விரலிகளுக்கு, அதாவது விரல் நீளக் குஞ்சுகளுக்கு, ஆர்டர் வந்தது. காலையில் வழக்கம்போல் தவிடும் புண்ணாக்கும் போட்டுவிட்டு, பகல் 11 மணிக்கு வலை இழுத்தோம். வயிறு நிறைந்த குஞ்சுகளை வெயிலில் எண்ணி டின்னில் ஏற்றினோம். 'மன அழுத்தத்தைப் போக்கும்' என்று ஒரு விற்பனையாளர் கொடுத்த திரவத்தை டின்னுக்கு இரண்டு மூடி ஊற்றினேன், தைரியமாக இருந்தேன். நான்காம் நாள் வாங்கியவர் ஒரு சாக்கில் செத்த குஞ்சுகளை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்து யோசித்தேன்.

அதன்பின் எங்கள் பண்ணையில் வேலை வலை இழுக்கும் நாளில் தொடங்குவதில்லை, 14 நாள் முன்னதாகவே தொடங்குகிறது. ஒரு கிலோ தீவனத்துக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி சேர்க்கிறோம். நான் வாங்குவது பாஸ்பேட்டோடு பிணைந்த வகை. அந்தத் தூளில் 100-க்கு 35 பங்குதான் வைட்டமின். ஆகவே 10 கிலோ தீவனத்துக்கு 14 கிராம் தூள் வேண்டும். பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் கரண்டிக் கணக்கில் போட்டால் சத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தூளைக் கால் லிட்டர் நீரில் கரைத்து, தீவனத்தைத் தார்ப்பாயில் பரப்பித் தெளித்து, கையால் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துகிறோம். பிறகு 100 மில்லி எண்ணெயைப் பிசறுகிறோம். எண்ணெய் பூசினால் சத்து நீரில் கரைந்து போகாமல் மீனின் வாய்வரை போகும். கலந்ததை அன்றே போட்டுவிட வேண்டும்.

ஈஸ்ட்டின் மேலுறையிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கனையும் அதே நாட்களில் கிலோவுக்கு ஒரு கிராம் சேர்க்கிறோம். பூஞ்சைகளின் உறையிலும் இந்தப் பொருள் இருப்பதால், எதிரி வந்துவிட்டான் என்று மீனின் வெள்ளையணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் விடாமல் கொடுத்தால் அந்த விழிப்பு மங்கிவிடும். நான் இரண்டு வாரம் கொடுத்து நிறுத்திவிடுவேன். ரொட்டிக்கடை ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. தடித்த உறைக்குள் குளுக்கன் மூடிக்கிடக்கிறது, கெண்டை மீனுக்கோ இரைப்பையே கிடையாது. அமிலத்தில் ஊறவைத்து உடைக்க அதற்கு வழியில்லை.

வலை இழுப்பதற்கு முந்தைய நாள் தீவனத்தை அடியோடு நிறுத்துகிறோம். காலி வயிற்றோடு போகும் குஞ்சு ஆக்சிஜனைக் குறைவாக எடுக்கும், டின் நீரில் அம்மோனியாவையும் குறைவாகவே விடும். விடியற்காலையில் நீர் குளிர்ந்திருக்கும்போது எண்ணி ஏற்றுகிறோம். டின் நீரில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கல்லுப்பு. மீனின் உடலிலிருந்து உப்பு கசிந்து போவதை அது குறைக்கும். விலை உயர்ந்த எந்தத் திரவமும் செய்யாத வேலையை இந்த உப்பு செய்கிறது.

நீங்கள் குஞ்சு வாங்குகிறவர். ஆகவே பண்ணையில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: கடைசியாக எப்போது தீவனம் போட்டீர்கள், பிடிப்பதற்கு முன் இரண்டு வாரம் என்ன கொடுத்தீர்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள். உங்கள் குளத்துக்கு வந்ததும் பையை அப்படியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்த பிறகு குஞ்சுகளைத் தானாக வெளியேற விடுங்கள். முதல் 10 நாள் தீவனத்திலும் வைட்டமின் சி இருக்கட்டும், புண் ஆறுவதற்கு அது வேண்டும்.

*மாதம் ஒரு கிலோ வைட்டமின் சி தூளைக் குளத்தில் கரைத்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா? (மன்னார்குடி வாசகர்)*

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு ஏக்கர் குளத்தில் 5 அடி நீர் இருந்தால் ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர். அதில் ஒரு கிலோ தூள் கரைந்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஆறில் ஒரு பங்கு. அதுவும் வெயிலும் காற்றும் பட்டு விரைவில் அழிந்துவிடும். பணத்தை நீரில் போட வேண்டாம். அதே ஒரு கிலோவைத் தீவனத்தில் கலந்தால் பல நூறு கிலோ தீவனத்துக்கு வரும்.

ஆனால் வைட்டமின் சி தேவையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆடும் மாடும் தமக்கு வேண்டியதைத் தம் உடலிலேயே செய்துகொள்ளும். கெண்டைக்கும் நமக்கும் அந்தத் திறன் கிடையாது, உணவில்தான் வர வேண்டும். நெடுநாள் கிடைக்காத குஞ்சுக்கு முதுகெலும்பு வளைந்துவிடும். பச்சைநிறமாகப் பாசி நிறைந்த குளத்தில் மீன் இயற்கை இரையிலிருந்தே ஓரளவு எடுத்துக்கொள்ளும். நெருக்கமாக விட்டு, பைத் தீவனத்தையே நம்பி வளர்க்கும் குளத்தில்தான் கவனம் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண வைட்டமின் சி சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுவிடும் என்பதால்தான் பாஸ்பேட் வகையை முன் பதிலில் சொன்னேன்.

*அக்கா, எங்கள் மகளிர் குழு ஒரு குட்டையை எடுத்து மீன் வளர்க்கிறது. பூண்டு, மஞ்சள், வேப்பிலை மூன்றையும் அரைத்துப் போடலாம் என்று பேசிக்கொள்கிறோம். இயற்கையானதுதானே, கெடுதல் இருக்காதே? (வலங்கைமான்)*

பூண்டு போடலாம் தங்கச்சி, நன்றாகவே கேட்கும். ரோகுவுக்குத் தீவனத்தில் பூண்டு கொடுத்த ஆய்வுகளில், புண் உண்டாக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவைத் தாங்கிப் பிழைத்த மீன்கள் கூடின. கிலோ தீவனத்துக்கு 5 முதல் 10 கிராம் போதும். பச்சையாக நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கலக்குங்கள். நசுங்கிய பிறகுதான் அதன் காரம் உண்டாகிறது, வேகவைத்தால் போய்விடும். மஞ்சளின் சத்து நீரில் கரையாது. மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்துத் தீவனத்தில் பூசுங்கள், குளத்தில் தூவாதீர்கள்.

வேப்பிலை வேண்டாம். அரைத்த சாறு அளவு கூடினால் மீனுக்கு நஞ்சு. நம் குளங்களில் குஞ்சு விடுவதற்கு முன் விராலையும் கெளுத்தியையும் ஒழிக்க எதைப் போடுகிறோம்? இலுப்பைப் புண்ணாக்கு. ஏக்கருக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு 1,000 கிலோ போட்டால் அதிலுள்ள சப்போனின் குளத்திலுள்ள மீன் அத்தனையையும் கொன்றுவிடும். அதுவும் மரத்தில் காய்த்ததுதான். இயற்கையா என்று கேட்பதற்கு முன், எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் குழுவில் ஒருவர் ஒரு சின்னத் தராசும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு, என்று, என்ன, எத்தனை கிராம் என்று எழுதிவந்தால், ஆறு மாதத்தில் என் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

*போன வருடத் தீவனம் 6 மூட்டை மீந்துவிட்டது. எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிறது. சத்துப் பொடி கலந்து போட்டால் சரியாகிவிடுமா? (பேராவூரணி)*

சரியாகாது. தூக்கிப் போட மனம் வராது என்று தெரியும், ஆனாலும் மீனுக்குப் போடாதீர்கள். சிக்கு வாடை என்பது கொழுப்பு கெட்டதன் அடையாளம். கெட்ட கொழுப்பு, தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயை முதலில் தின்றுவிடும், பிறகு மீனின் உடலில் உள்ளதையும் தின்னும். ஜப்பானில் கெண்டை வளர்த்தவர்கள் பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தீவனமாகப் போட்டுவந்தார்கள். அதன் கொழுப்பு கெட்டுப்போனதும் மீன்களின் முதுகுச் சதை வற்றிக் கத்தி முனைபோல் ஆயின. அந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயரே 'மெலிந்த முதுகு' என்ற பொருள்படும். வைட்டமின் ஈ சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. சேர்ப்பது நல்லதுதான், ஆனால் கெட்டதை நல்லதாக்க அல்ல.

கடலைப் புண்ணாக்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மழைக்காலத்தில் பச்சையாகப் பூசணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வேகவைத்தாலும் போகாது, மீனின் ஈரலைக் கெடுக்கும். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள். மூன்று மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்காதீர்கள்.

*வெல்லம், தவிடு, தயிர் ஊறவைத்துப் புரோபயாட்டிக் என்று மாலையில் ஊற்றினேன். மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன, 40 மீன் செத்தன. தயிர் ஒத்துக்கொள்ளவில்லையா? (நீடாமங்கலம்)*

தயிர்மேல் குற்றமில்லை. நேரம்தான் தப்பு. இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுக்கும், அதனால் விடியலில்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதோடு வெல்லம் தின்று பெருகும் நுண்ணுயிர்களையும் இறக்கிவிட்டீர்கள். இனி செய்வதானால் வெயில் ஏறிய பிறகு, கொஞ்சமாக, மேகமூட்டமில்லாத நாளில் மட்டும். தீவனத்தில் கலப்பதற்குப் பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வகை வாங்குங்கள். அது விதைபோல் உறங்குநிலையில் இருப்பதால் காய்ந்தாலும் சாகாது. சூடான கஞ்சியில் கலக்காதீர்கள். கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் போட்ட வாரத்தில் குளத்தில் ஊற்றாதீர்கள், ஊற்றியதெல்லாம் செத்துவிடும்.

*பெயர்ச்சீட்டு இல்லாத வெள்ளைப் பொடி ஒன்றை 'எதிர்ப்புச் சக்தி' என்று கொண்டுவந்து தருகிறார்கள். மூன்றே நாளில் மீன் தெளிந்துவிட்டது. தொடரலாமா? (முத்துப்பேட்டை)*

உடனே நிறுத்துங்கள். தீவனத்தில் கலக்கும் எந்தச் சத்தும் மூன்று நாளில் நோயுற்ற மீனைத் தெளியவைக்காது, அதற்கு வாரங்கள் ஆகும். அப்படித் தெளிந்தால் பொடிக்குள் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் நம் நாட்டில் மீன், இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. உங்கள் பகுதியில் இறால் வளர்ப்போர் அதிகம். ஏற்றுமதிச் சோதனையில் இவற்றின் மிச்சம் சிக்கினால் சரக்கு முழுவதும் திரும்பிவரும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, அந்த மீனைக் குழந்தைகளுக்கு ஊட்டுகிற வீடுகள். மீதிப் பொடியைக் கொட்டிவிடாமல் பையோடு எடுத்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் காட்டிக் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் முதல் கடிதமாக அதைப் போடுகிறேன்.