பாறையில் தூண்டில் போடும்போது கை கால் கிழியாமல் இருக்க

கேள்வி: கடலோரப் பாறைகளில் நின்று தூண்டில் போடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கையிலோ முழங்காலிலோ சிப்பி கீறாமல் வீடு திரும்புவது அபூர்வம். கையுறை போட்டால் முடிச்சுப் போட வரவில்லை, கழற்றி வைத்துவிடுகிறேன். போன முறை உள்ளங்கையில் பட்ட சின்ன வெட்டு ஒரு வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை. காயம் படாமல் இருக்க என்ன வழி? பட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த உள்ளங்கையைப் பார்ப்போம். ஒரு வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை என்றால் அதை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். "கடல் பாறையில் சிப்பி வெட்டியது" என்று மறக்காமல் சொல்லுங்கள். உள்ளே ஓட்டுத் துண்டு தங்கியிருக்கலாம், கடலுக்கே உரிய கிருமி புகுந்திருக்கலாம். இரண்டுமே தானாக ஆறிவிடும் என்று நம்பி விட்டுவிடக் கூடியவை அல்ல. அதைப் பற்றி விவரமாகக் கீழே சொல்கிறேன்.

இனி, காயம் படாமல் இருப்பதற்கு வருவோம். பாறையில் கை கிழிவது பெரும்பாலும் இரண்டே சமயங்களில்தான். ஒன்று, கால் வழுக்கும்போது விழாமல் இருக்கச் சட்டென்று கையை ஊன்றுகிறோமே, அப்போது. இன்னொன்று, பாறை இடுக்கில் சிக்கிய தூண்டிலை எடுக்கக் கையை உள்ளே விடும்போது. நல்ல கையுறை வாங்குவதை விட, கை பாறையில் படவே தேவையில்லாதபடி பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அதற்கான வேலை காலில் ஆரம்பிக்கிறது.

பாறையைப் படிக்கப் பழகுங்கள்

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பாறையை மேலிருந்து கீழாக நிதானமாகப் பாருங்கள். பட்டை பட்டையாக நிறம் மாறுவது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த, சொரசொரப்பான பாறை. அதற்குக் கீழே, அலைத் துளி மட்டும் தெறிக்கும் இடத்தில் பல கடற்கரைகளில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். பலர் அதைப் பாறையின் நிறம் என்றே நினைக்கிறார்கள். அது நுண்ணுயிர்களின் படலம். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, நனைந்தால் கால் நிற்காது. அதற்கும் கீழே சாம்பல் வெள்ளையாகக் கொட்டலசு. அப்புறம் மட்டியும் சிப்பியும். கடைசியில், தண்ணீரை ஒட்டிப் பச்சையும் பழுப்புமாகப் பாசி.

கால் பிடிமானத்துக்கு நல்ல இடம் எது என்று கேட்டால், கொட்டலசுப் பட்டைதான். அதன் சொரசொரப்பு செருப்படியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் விழுவதற்கு மிக மோசமான இடமும் அதுவே. கொட்டலசு பார்ப்பதற்குச் சிப்பி வகை போலத் தெரிந்தாலும் நண்டு, இறால் கூட்டத்தைச் சேர்ந்தது. தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளால் கூம்பு வடிவில் ஒரு கோட்டை கட்டிப் பாறையோடு ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அந்தக் கூம்பின் உச்சி திறந்திருக்கும், விளிம்பு முழுக்கக் கூர்மை. அதில் தோல் உரசினால் ஒரே வெட்டாக விழாமல், பக்கம் பக்கமாக நிறையக் கீறல்கள் விழும்.

சிப்பி வேறு விதம். அது வளர்வது ஓட்டின் விளிம்பில்தான். புதிதாக வளர்ந்த விளிம்பு காகித மெல்லிசாக இருக்கும். தோலை ஆழமாக வெட்டும், வெட்டும்போதே செதில் செதிலாக உடைந்து காயத்துக்குள் தங்கியும் விடும். கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் கறுப்பு மட்டி முழுசாக இருந்தால் அவ்வளவு மோசமில்லை, உடைந்த ஓடுகள்தான் ஆபத்து.

ஆகவே நடக்கும்போது பாசியையும் ஈரமான கறுப்புப் படலத்தையும் தவிர்த்து வழி தேடுங்கள். சுற்றிப் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். இறங்கும் இடம் செங்குத்தாக இருந்தால் உட்கார்ந்து, காலை முதலில் வைத்து, எடை தாங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் உடம்பை நகர்த்துங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் உட்கார்ந்து இறங்குகிறவருக்கு விழும் தூரமே இல்லை.

காலுக்கு

ரப்பர் செருப்போ சாண்டலோ வேண்டவே வேண்டாம். குதிகால் நழுவும், விரல்கள் திறந்திருக்கும். கடற்கரையில் போடும் மெல்லிய துணி ஷூவும் சிப்பிப் பாறைக்குப் போதாது, ஓட்டின் விளிம்பு அதன் அடியைத் துளைத்துக்கொண்டு வரும். கணுக்காலை மூடும், அடிப்பாகம் கெட்டியான, தண்ணீர் உடனே வடிந்துவிடும் ஷூதான் வேண்டும். பாசி அதிகமுள்ள இடங்களில் கம்பளி அடி வைத்த ஷூவும், சிறு உலோக ஆணிகள் பதித்த ஷூவும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே ஆணி காய்ந்த, வழவழப்பான கெட்டிப் பாறையில் சறுக்கும். உங்கள் இடம் எப்படி என்று பார்த்து வாங்குங்கள். இடுப்பு அல்லது மார்பு வரை வரும் ரப்பர் காலுடையை அலை அடிக்கும் பாறையில் போடாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் அதற்குள் நீர் நிரம்பி, நீந்தவும் விடாது, ஏறவும் விடாது.

முழங்கால் கீறுவதாகச் சொல்கிறீர்கள். கெட்டித் துணியில் முழுக்கால் சட்டை போடுங்கள். குனிந்து மண்டியிட்டு இரை கோக்கும் பழக்கம் இருந்தால், தோட்ட வேலைக்குப் போடும் முழங்கால் பட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்கு முழுக்கைச் சட்டை.

நடக்கும்போது சாமான்கள் முதுகுப் பையில் இருக்கட்டும். ஒரு கையில் ராடு, ஒரு கையில் வாளி, அக்குளில் இரை டப்பா என்று போகிறவருக்கு, வழுக்கும் நொடியில் உடம்பைச் சமாளிக்க எதுவும் மிஞ்சாது. வழுக்கத்தான் போகிறது என்றால் ராடைக் கைவிட்டுவிட்டு உட்கார்ந்த நிலைக்குப் போகப் பாருங்கள். விரித்த உள்ளங்கையால் விழுவதை விட, கெட்டித் துணி மூடிய இடுப்பால் விழுவது எவ்வளவோ மேல்.

கையுறைச் சிக்கல்

உங்கள் குறை நியாயமானது. தடித்த கையுறையோடு தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட யாராலும் முடியாது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ராடு பிடிக்காத கைக்கு முழுக் கையுறை, முடிச்சுப் போடும் கைக்குப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெட்டிய கையுறை. இன்னொன்று, பாறையில் முடிச்சுப் போடும் வேலையையே குறைப்பது. தூண்டில் முள், ஈயக்குண்டு, கொளுவி (மாட்டிக் கழற்றும் சிறு கொக்கி) எல்லாம் கட்டிய நரம்புத் துண்டுகளை வீட்டிலேயே தயார் செய்து அட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். அங்கே கொளுவியில் மாட்டுவது மட்டும்தான் வேலை. அதைக் கையுறையோடு செய்யலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் சிறந்தது.

கையுறை வாங்கும்போது வெட்டுத் தாங்கும் நூலில் பின்னி, உள்ளங்கையில் ரப்பர் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். இ.என். 388 என்ற ஐரோப்பியத் தரக்குறி அச்சிட்டிருந்தால், அதன் எண்களுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள். ஏ முதல் எஃப் வரை வெட்டுத் தாங்கும் திறன் கூடிக்கொண்டே போகும். நடுவில் உள்ள சி, டி இந்த வேலைக்குப் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வெட்டைத் தாங்கும் கையுறை குத்தைத் தாங்காது. மீன் முள்ளும் கடல் முள்ளெலியின் முள்ளும் பின்னலின் இடைவெளி வழியாக நேராக இறங்கிவிடும். பாறை இடுக்கில், கண்ணுக்குத் தெரியாத பொந்தில், கையுறை போட்ட கையைக் கூட விடாதீர்கள். அழகான கூம்பு வடிவ நத்தை கிடந்தால் அதையும் எடுக்க வேண்டாம். சில கூம்பு நத்தைகளின் விஷம் உயிரைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

சிக்கினால் விட்டுவிடுங்கள்

பாறையில் தூண்டில் போட்டால் சிக்கத்தான் செய்யும். சிக்கியதை எடுக்க ஈரப் பாறையில் இறங்குவதும் நரம்பைக் கையில் சுற்றி இழுப்பதும்தான் தவறு. பின்னல் நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் சதையை அறுத்துவிடும். ஒரு கட்டைத் துண்டில் நாலைந்து சுற்றுச் சுற்றி, கடலை நேராகப் பார்த்தபடி நேர்க்கோட்டில் பின்னால் நடந்து இழுங்கள் என்பார்கள். நடை சரி, முகம் சரியில்லை. இழுபட்ட நரம்பு விடுபட்டால் ஈயக்குண்டு நேராக உங்களை நோக்கித்தான் பாய்ந்து வரும். ஆகவே கண்ணாடி அணிந்து, அலையின் மேல் ஒரு கண் வைத்தபடி, முகத்தை மட்டும் அந்தக் கோட்டிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கச் சமதளம் இல்லையென்றால் நின்ற இடத்திலிருந்தே இழுங்கள், இல்லாவிட்டால் அறுத்து விடுங்கள்.

இதை விட நல்லது, ஈயக்குண்டை மட்டும் வலுக் குறைந்த தனி நரம்பில் கட்டுவது. பெரும்பாலும் இடுக்கில் சிக்குவது குண்டுதான். இழுத்தால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறுந்து, முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும்.

அலை

அலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். சிப்பி வெட்டுவதிலேயே மோசமானது, அலை ஆளைத் தூக்கிப் பாறை மேல் தேய்ப்பதுதான். போனதும் தூண்டிலை வீசாதீர்கள். பத்திரமான உயரத்தில் நின்று 20 நிமிடமாவது கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த இடத்தில் ஆறாவது நிமிடம் ஆளுயர நீர் ஏறும். நீங்கள் நிற்கப்போகும் பாறை நனைந்திருந்தால் அங்கே அலை வருகிறது என்று அர்த்தம். மிதவைச் சட்டை கட்டாயம். தனியாகப் போகாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

தவறி விழுந்தால், பாறையைப் பிடித்து ஏறத்தான் மனம் துடிக்கும். அலை மோதும் இடத்தில் அதைச் செய்தால் ஒவ்வொரு அலையும் உங்களைக் கொட்டலசின் மேல் அரைக்கும். பாறையை விட்டு விலகி நீந்தி, அலை உடையாத இடத்தில் மிதந்தபடி, கரையேற வேறு நல்ல இடம் இருக்கிறதா என்று பாருங்கள் அல்லது உதவிக்குக் காத்திருங்கள். கூட இருப்பவர் குதிக்கக் கூடாது. மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும்.

வெட்டுப் பட்டுவிட்டால்

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நின்றதும் கழுவ வேண்டும், கடல் நீரில் அல்ல. அதற்காகவே பையில் ஒரு லிட்டர் குடிநீர் தனியாக இருக்கட்டும். பாட்டில் மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டு வைத்தால், அழுத்தும்போது தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். வெட்டின் இரு விளிம்பையும் விரலால் லேசாக விலக்கி, உள்ளே தண்ணீர் பாயும்படி பீய்ச்சுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முத்து வெள்ளையாக மினுமினுக்கும் சிறு செதில் தெரிந்தால் இடுக்கியால் எடுங்கள். வராவிட்டால் நோண்ட வேண்டாம், டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டு, ஓடும் குழாய் நீரில் மறுபடி நன்றாகக் கழுவுங்கள். பசை போட்டோ பிளாஸ்திரியால் இறுக்கியோ வாயை மூடாதீர்கள், உள்ளே கிருமி இருந்தால் அதோடு சேர்த்து மூடிவிடுவீர்கள். மேலே சுத்தமான துணிக் கட்டு போதும்.

விஷ முள் உள்ள மீனோ கடல் முள்ளெலியோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் ஊற வைத்தால் வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் மரத்த கை வெந்து போவது தெரியாது.

விரல் மடங்கவில்லை, மரத்துப் போயிற்று, மூட்டின் மேல் வெட்டு, ஆழமான குத்து என்றால் அன்றே மருத்துவமனை. டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அழுக்கான காயத்துக்கு மறுபடி போட வேண்டியிருக்கும்.

அடுத்த இரண்டு நாட்கள் கவனம் வேண்டும். வெதுவெதுப்பான கடல் நீரிலும் கழிமுகத்திலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு கிருமி உண்டு. அது தொற்றுவது அரிது. தொற்றினால் ஐந்தில் ஒருவர் இறக்கிறார்கள், சிலர் ஓரிரு நாளிலேயே. கல்லீரல் நோய், நீரிழிவு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி இருந்தாலோ, கருநிறக் கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உங்கள் காயம் ஒரு வாரம் தாண்டியிருப்பதால் வேறு இரண்டையும் டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். மீன், ஓடுகளைக் கையாளுகிறவர்களுக்கு வரும் எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற தொற்றில் விரலோ கையோ ஊதா கலந்த சிவப்பாக வீங்கி எரியும். மைக்கோபாக்டீரியம் மாரினம் இன்னும் மெதுவானது. வெட்டு ஆறிய மாதிரி இருந்து, சில வாரம் கழித்து அதே இடத்தில் கட்டியாக எழும். இந்தக் கிருமி உடல் சூட்டை விடக் குறைந்த வெப்பத்தில், சுமார் 30 டிகிரியில்தான் நன்றாக வளரும். கடல் காயம் என்று தெரியாத ஆய்வகம் வழக்கமான 37 டிகிரியில் மட்டும் வைத்துப் பார்த்தால் அது அகப்படாமல் போகலாம். சாதாரண காயத்துக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் எல்லாம் கடல் கிருமிகளுக்குக் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. வெட்டியது எது, எந்த நாள், அப்போது தண்ணீரில் கை வைத்திருந்தீர்களா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். காயம் முழுவதும் மூடும்வரை பாறைக்கும் போக வேண்டாம், கடல் நீரிலும் கை வைக்க வேண்டாம்.