18 வயசுச் சிப்பாய் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் டாக்கால ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனில வேலை பாக்குறேன். லீவு நாள்ல மீர்பூர் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நண்பர் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஹமீதுர் ரஹ்மான்னு ஒரு சிப்பாயோட கல்லறை. 1953ல பொறந்து, 1971ல பாகிஸ்தான எதிர்த்து நடந்த வங்கதேச விடுதலைப் போர்ல செத்தவராம். 18 வயசு சார், என் தம்பி வயசு. நண்பர் பெருமையா சொல்றாரு, எனக்கு அழுகைதான் வந்துச்சு. சின்னப் பசங்கள சாகவிட்டுட்டு அப்புறம் மெடல் குடுத்துக் கொண்டாடுறது என்ன நியாயம்னு தோணுது. நான் நினைக்குறது தப்பா?

கு., டாக்கா

அன்புள்ள கு.,

தப்பே இல்ல. அந்த வயச மறந்துட்டு வீரன் வீரன்னு மட்டும் முழங்குறவங்கள எனக்குப் பிடிக்காது. ஆனா ஐயோ பாவம்னு சொல்லி நிறுத்திக்கிட்டாலும் அந்தப் பையனுக்கு நாம நியாயம் பண்ணல. அவன் என்ன செஞ்சான்னே தெரியாம போயிடும்.

1971 அக்டோபர் 28. சில்ஹெட் பக்கம் ஸ்ரீமங்கலுக்குத் தெற்க, திரிபுரா எல்லைய ஒட்டி தலாய்னு ஒரு தேயிலைத் தோட்டம், அங்க பாகிஸ்தான் ராணுவத்தோட எல்லைக் காவல் முகாம். ஹமீதுர் இருந்த முதலாம் கிழக்கு வங்காளப் படைப்பிரிவு அதப் பிடிக்கப் போகுது, கிட்ட நெருங்கினதும் ஒரு மெஷின் கன் யாரையும் தலை தூக்க விடல. அத நிறுத்தினாதான் அடுத்த அடி. கிரனேட எடுத்துக்கிட்டு ஹமீதுர் தரையோட தரையா ஊர்ந்து போறான், ரெண்டு கிரனேட் வீசுறான், குண்டு பாயுது, அப்பவும் திரும்பாம மெஷின் கன் இருந்த பள்ளத்துக்குள்ள பாய்ஞ்சு துப்பாக்கிகிட்ட இருந்த ரெண்டு பேரோட வெறுங்கையால மல்லுக்கட்டுறான். துப்பாக்கி நின்னுடுச்சு. பின்னாடி வந்தவங்க முன்னேறிட்டாங்க, அங்க போய்ப் பாத்தா அவன் உயிரோட இல்ல. ராணுவத்துல சேர்ந்ததே அந்த வருஷம்தான். அவன் செத்து 49 நாள்ல, டிசம்பர் 16, டாக்கால பாகிஸ்தான் படை சரணடைஞ்சது. அத அவன் பாக்கல.

உங்க நண்பர் பெருமைப்படுறதுல பொய் ஒண்ணும் இல்ல கு. பின்னாடி இருந்தவங்க உயிரோட வீட்டுக்குப் போகணும்னா யாரோ ஒருத்தர் அந்தத் துப்பாக்கிகிட்ட போயே ஆகணும், இவன் போனான்.

என்னை ரொம்ப உலுக்குறது அதுக்கப்புறம் நடந்தது. உடம்ப எல்லை தாண்டி எடுத்துட்டுப் போய் திரிபுராவுல ஹாதிமேர்சரானு ஒரு கிராமத்துல புதைச்சாங்க. நாடு விடுதலை ஆச்சு, 1973ல அவனுக்கு பீர் ஸ்ரேஷ்டோ, அந்த நாட்டோட மிக உயர்ந்த வீர விருது, பேர் எல்லாப் பிள்ளைங்க பாடப்புத்தகத்துலயும் வந்துடுச்சு, ஆள் மட்டும் இன்னொரு நாட்டு மண்ணுல கிடந்தான். 36 வருஷம்! 2007 டிசம்பர்லதான் எலும்புகளக் கொண்டாந்து, நீங்க நின்னீங்களே, அந்த இடத்துல அடக்கம் பண்ணாங்க. உங்க கோபம் இந்த இடத்துல எனக்கும் வருது. மெடல் குடுக்கறது ஒரு நாள் வேலை, ஒரு பையன வீட்டுக்குக் கூட்டிட்டு வரத்தான் இத்தனை வருஷம் ஆயிருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த விருது வாங்கின 7 பேருமே போர்ல செத்தவங்க, 7 பேருமே யூனிஃபார்ம் போட்ட படைகள்ல இருந்தவங்க. முக்தி பாஹினினு சொல்ற விடுதலைப் படையில சேர்ந்து துப்பாக்கி தூக்கின காலேஜ் பசங்க, விவசாயி வீட்டுப் பசங்க ஒருத்தர்கூட அதுல கிடையாது. தாராமன் பீபினு ஒரு பொண்ணு, அந்தப் போர்ல சண்டை போட்டப்போ சின்னப் புள்ள, அதுக்கும் 1973லயே பீர் ப்ரோதீக்னு இன்னொரு வீர விருது அறிவிச்சாங்க, ஆனா அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு 1995ல ஒரு ஆய்வாளர் தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் விருது கைக்குப் போகவே இல்ல. உயிரோட இருந்தவங்களுக்கே இந்த கதின்னா, பேர் தெரியாம செத்த பசங்கள யார் தேடுவா? அதனால ஹமீதுர கொண்டாடாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன், அவன் பேரச் சொல்றப்போ பக்கத்துல ஊர்ந்து போன மத்த பசங்களையும் சேத்து நினைங்கன்னுதான் சொல்வேன்.

முடிஞ்சா ஒரு தடவை தலாய் போயிட்டு வாங்க, அங்க அவனுக்கு ஒரு நினைவிடம் இருக்கு. எல்லைப் பகுதி, அனுமதி விஷயமெல்லாம் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. போனா தோட்டத் தொழிலாளிங்ககிட்டயும் உக்காந்து பேசுங்க. வெள்ளைக்காரன் காலத்துல அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் பிடிச்சது நம்ம மெட்ராஸ் மாகாணத்துலருந்தும்தான். அந்த ஜனங்களும் 1971ல நிறைய பேரப் பறிகொடுத்தவங்க. அவங்க சொல்றத எனக்கு எழுதுங்க, இங்க போடுறேன்.