அவன் என்ன சொன்னான்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். என் மகனுக்கு 24 வயது. பொறியியல் படித்துச் சென்னையில் வேலை பார்த்தவன், வேலையை விட்டுவிட்டு வந்து எட்டு மாதங்களாக அறையிலேயே அடைந்து கிடக்கிறான். சாப்பாட்டுத் தட்டை அவன் அம்மா கதவருகே வைத்துவிட்டு வருகிறாள். மனநோய் தீர வேண்டிக்கொண்டு தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று ஒரு மண்டலம் தங்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். கடலூரிலோ புதுச்சேரியிலோ முறையான உரிமம் பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரைத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். வயதில் மூத்தவராகவும், எங்கள் உறவு வட்டத்துக்குத் தெரியாதவராகவும் இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் அவன் என்ன சொன்னான் என்பதை அவர் எனக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதவும்.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் இல்லாதிருந்தால், நான்கு வரியில் தனியாகப் பதில் அனுப்பியிருப்பேன். அவன் சொன்னதை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வாக்கியம். பிள்ளைகளுக்காக ஆலோசகர் தேடும் பெற்றோர் பலர் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்டு என் காதில் விழுந்திருப்பதால், இதைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உரிமத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் எனப்படும் எல்லோருக்கும் பொதுவான உரிமம் என்று ஒன்று நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் மறுமுறை போகாதீர்கள். மற்ற ஆலோசகர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட சட்டம் வந்ததே 2021இல்தான். ஆகவே, உளவியலிலோ மனநலச் சமூகப் பணியிலோ முதுநிலைப் பட்டம் பெற்றிருக்கிறாரா, எந்த மருத்துவமனையில் யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்பதை நீங்களேதான் விசாரித்தறிய வேண்டும். சில வாரச் சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டு அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்களும் நம் ஊர்த் தெருக்களில் இருக்கிறார்கள்.

ஆனால் எட்டு மாதங்கள் அறைக்குள்ளேயே இருக்கும் 24 வயதுப் பையன் முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். மனச்சோர்வு இப்படித் தொடங்கலாம். மனச்சிதைவும் இந்த வயதில் இப்படித் தொடங்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு, அந்த மருந்தை எழுதித்தரும் அதிகாரம் ஆலோசகருக்குக் கிடையாது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கே போகலாம். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருக்கிறானா, தனியே பேசிக்கொள்கிறானா, சாப்பிடாமலே தட்டைத் திருப்பி வைக்கிறானா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு போங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் புறநோயாளி நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. உறவு வட்டத்துக்குத் தெரியக் கூடாது என்பதற்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியக் கூடாதென்று கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தேறுகிறவர், ஜிப்மர் வரிசையில் பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்துவிட்டு, இருவரும் கண் காட்ட வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். குணசீலம் போவதானால் போய்வாருங்கள். மாத்திரையை நிறுத்தும்படி பெருமாள் சொல்லமாட்டார்.

இனி அந்த வாக்கியம்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 ஜனவரியில், நோட்டுப் புத்தகங்கள் கொடுக்கச் சென்ற நண்பர்களுடன் கடலூரின் மீனவக் குப்பமான தேவனாம்பட்டினத்துக்குப் போயிருந்தேன். அப்போது அங்கே ஆலோசகர்கள் என்ற பெயரில் பலர் வந்து போனார்கள். அவர்களில் ஒருவர் குழந்தைகளைப் படம் வரையச் சொல்லி, அந்தப் படங்களை வெளியூரிலிருந்து கேமராவுடன் வந்தவர்களிடம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இவன் தங்கையைப் பறிகொடுத்தவன், இவள் இன்னும் அம்மாவைத் தேடுகிறாள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் தன் தாளை நான்காக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பச்சை மெழுகுக் கிரேயானை அதன் டப்பாவில் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்து போனான். மறுநாளும் அவனை அந்தப் பந்தலில் பார்க்க முடியவில்லை.

அதே குப்பத்தில் ஆலோசகராக ஒரு பெண்ணும் இருந்தார். முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர். மனைவியை இழந்த ஒருவர் பக்கத்தில், அவர் கிழிந்த வலையைச் சரிசெய்யும் நேரத்தில், தினமும் போய் உட்காருவார். முதல் சில நாட்கள் இருவரும் பேசியதாகவே தெரியவில்லை. பிறகு அந்த மனிதர் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். அவருடைய அண்ணன் இந்தப் பெண்ணை வழிமறித்து, "தம்பி என்னம்மா சொன்னான்?" என்று கேட்டார். "அவரையே கேளுங்கண்ணே. உயிருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா நானே ஓடி வந்து உங்ககிட்ட சொல்லுவேன். அதுவரைக்கும் கேக்காதீங்க," என்றார் அவர். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டபோதும், நிவாரணக் கணக்கெடுக்க வந்த அதிகாரி கேட்டபோதும் அவரிடம் அதே பதில்தான். அந்தப் பெண்ணைத் திமிர் பிடித்தவர் என்று சொன்ன ஒரு நண்பருடன் அன்று நான் வாயாடியது நினைவிருக்கிறது. வலை சரிசெய்த அந்த மனிதர் பேசியதில் ஒரு சொல்கூட இன்றுவரை என் காதுக்கு வரவில்லை.

ஐயா, வகுப்பாசிரியர் மதிப்பெண் அட்டையைக் கொடுத்தனுப்பி அப்பாவின் கையெழுத்து வாங்கிவரச் சொல்வதைப் போல இதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் நிபந்தனைக்குத் தலையாட்டும் ஆலோசகர் கிடைப்பார். தலையாட்டினார் என்பதே அவரிடம் போகாமலிருக்கப் போதுமான காரணம். இரண்டாம் முறையே உங்கள் மகன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். இரவு உணவின்போது நீங்கள் கேட்கும் ஏதோ ஒரு கேள்வியில், ஆலோசகரின் அறைக்குள் மட்டும் அவன் சொன்ன ஒரு சொல் வந்து விழும். அதன் பிறகு எந்த ஆலோசகரிடமும் அவன் வாய் திறக்கமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே வாசலையும், நல்ல எண்ணத்துடனேயே, நீங்கள் அடைத்துவிட்டிருப்பீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரைப் பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை அவரது உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. தனக்காக நிற்கும் பிரதிநிதி யார் என்பதை, வயது வந்த உங்கள் மகன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தானே தேர்ந்துகொள்ளலாம். அவன் உங்கள் பெயரை எழுதலாம். அத்தை மகன் பெயரையும் எழுதலாம்.

கதவருகே தட்டை வைத்துவிட்டு வரும் தாயை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. உங்களைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் பார்த்ததையெல்லாம் ஆலோசகரிடம் தாராளமாகச் சொல்லலாம். அவர் கேட்டுக்கொள்வார், பதிலுக்கு எதையும் தரமாட்டார். மகன் சம்மதித்தால் குடும்பமாக உட்கார்ந்து பேசும் அமர்வுகளும் உண்டு. அவன் வர மறுத்தால் முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், பெற்றோரும் பேசலாம். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவன் தட்டுக்குப் பக்கத்திலும் வையுங்கள், பேசினாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கட்டணம் கேட்டிருந்தீர்கள். 14416க்குக் கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இல்லை. தனியாரிடம் போவதானால், ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். மொத்தமாகப் பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்.